அசல் தாளில் வெட்டிய இறக்கை

அட்டைக் கிளைடரின் இரண்டாவது இறக்கையையும் வெட்டி எடுத்துத் திருப்பியபோதுதான் லோர்னா அந்தக் கறையைப் பார்த்தாள். காப்பிக் கோப்பையின் அடி பதிந்த பழுப்பு வளையம். புதிதாக அச்சடித்த நகலின் முதுகில் பழைய காப்பிக் கறை எப்படி வரும்?

மாடிக்கு ஓடினாள். நகல், பிரிண்டரின் தட்டிலேயே கிடந்தது. ஸ்கேனர் மேலிருந்த அசலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அசலின் மஞ்சள் நிறத்துக்குப் பொருந்தும் கெட்டி அட்டையை அவள் கணவர் வெர்னன் விசிட்டா நகரம் முழுக்கத் தேடி வாங்கியிருந்தார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன.

ராக்கெட்டோடு மேலே போய், அதைக் கழற்றிவிட்டுத் தனியாக மிதந்து இறங்கும் பழங்காலத்து அட்டைக் கிளைடர் அது. அந்த மாதிரிகளைக் கட்டுகிறவர்கள் அசல் தாளில் கத்தி வைப்பதில்லை. நகலைத்தான் வெட்டுவார்கள். இந்த அசல், வெர்னன் இறந்துபோன முதல் மனைவி அடேலோடு கடைக்குப் போய் வாங்கியது, கல்யாணமான புதிதில்.

அவள் கீழே திரும்பியபோது வெர்னன் இரண்டு தட்டில் ஆப்பிள் பை பலகாரத்தோடு படி இறங்கி வந்தார். லோர்னா முன்பு மணப்பெண் கவுன் தைக்கும் கடையில் வேலை பார்த்தவள். அதைச் சொல்லிச் சீண்டுவது அவர் வழக்கம்.

"என்னம்மா, கல்யாண கவுனா தைக்கிற? இவ்ளோ நேரம்!"

லோர்னா கறையுள்ள இறக்கையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தட்டுகளை வைத்துவிட்டு அவர் மெல்ல உட்கார்ந்தார். "அடேலோட காப்பிக் கறை," என்றார்.

"நகல்னு நெனச்சு எடுத்துட்டேன் வெர்ன். சத்தியமா தெரியாது."

"தெரியும். நீ வேணும்னே பண்ணுவியா?"

ஆனால் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். சற்று நேரத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நேற்று வெட்டிய புல்லையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார்.

லோர்னா அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடேலின் வாணலியில் சமைத்தாள், அடேலின் கொக்கியில் கோட்டை மாட்டினாள். இது அடேலுடையது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றுதான் சொன்னார். தான் இங்கே மனைவியா, விருந்தாளியா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டேப்பை எடுத்தாள். இறக்கையைத் தாளின் ஓட்டையில் பொருத்தி, கிழிந்த துணியைச் சேர்ப்பதுபோல விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தாள்.

"என்ன பண்ற?" வாசலில் வெர்னன், சட்டையெல்லாம் புல்.

"ஒட்டி, பழையபடி உறையில வச்சிடலாம்னு."

"டேப் போட்டா கனம் ஏறிடும். பறக்காது."

"பறக்கவா?"

"வெட்டின இறக்கைய உறையில வச்சு என்ன பண்றது?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்பதான் கட்டப்போறன்னு அடேல் திட்டாத நாளே கெடையாது. எனக்குத்தான் கை வரல. தள்ளி உக்காரு. மடிப்புக்கோட்டை நீ கீறு, பசைய நான் தடவுறேன்."

அப்படியே இருவருமாகக் கட்டி முடித்தார்கள். கொல்லைப்புறத்தில் கையால் வீசிப் பார்த்தபோது கிளைடர் மூக்கைத் தூக்கிக்கொண்டு சொத்தென்று விழுந்தது. வெர்னன் கனத்துக்காக அதன் மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்து அழுத்தினார். அடுத்த வீச்சில் அது வேலிவரை வழுக்கிக்கொண்டு போனது.

ராக்கெட் விடும் மைதானத்துக்குக் கிளம்புமுன் அவர் அவளிடம் பேனாவை நீட்டினார். காற்றோடு போய் எங்காவது விழுந்தால் எடுத்தவர் கூப்பிடுவதற்காக இறக்கையில் பேரும் போன் நம்பரும் எழுதுவது வழக்கம்.

"அடேல் பேர எழுதலாம் வெர்ன். அதுதான் முறை."

"யாராவது கூப்பிட்டு அடேல் இருக்காங்களான்னு கேட்டா? யாரு போன எடுப்பா?"

"நான்தான்."

"அப்ப உன் பேர எழுது. வீட்டுக்காரியத்தானே கேப்பாங்க?"

லோர்னா எழுதினாள். கடைசி எழுத்துகள் இடம் போதாமல் சின்னதாகிவிட்டன.

"நம்பரயாவது சரியாப் போடு. ப்ளம்பருக்குத் தப்பாக் குடுத்தியே, அந்த மாதிரி போட்டுறாத."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீர் கண்ணை மறைத்ததால் நம்பரை எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை வெர்னன் கிளைடரை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.