சொந்தக்காரர் இல்லாத ஊர்

தனபாக்கியம் பார்க்காத ஊர் அமெரிக்காவிலேயே இல்லை என்று அவள் கணவன் ஜெயபிரகாஷ் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். சொல்லட்டும். பிரிட்ஜ்வாட்டரில் அவள் பார்த்தது கொழுந்தனார் வீட்டுச் சமையலறை. குபெர்டினோவில் பார்த்தது நாத்தனார் வீட்டுச் சமையலறை, அதில் ஜன்னல் மட்டும் கொஞ்சம் பெரிது. விருந்துக்குப் போன வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? வெங்காயமாவது நறுக்கித் தர வேண்டும். ஹோட்டலில் தங்கலாம் என்று வாயைத் திறந்தால், "ஏன், எங்க வீடு கசக்குதா?" என்று கேட்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். கோயிலுக்கு மட்டும் கூட்டிப்போவார்கள். குடியிருக்கும் காப்பெலில் இருந்து அவ்வளவு தூரம் கிளம்பி, கோல்டன் கேட் பாலத்தைக் கார் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வந்தவள் அவள்.

அதனால்தான் இந்த டிசம்பரில் சிங்கப்பூர் வழியாகக் கோயம்புத்தூர் போவது என்று முடிவானதும், நடுவில் நாலு நாள் பினாங்கு போயே தீருவது என்று அவள் உறுதியாக இருந்தாள். ஏன் பினாங்கு? அங்கே அவர்களுக்கு யாருமே கிடையாது. அந்த ஊரில் அவளுக்கு முதலில் பிடித்தது அதுதான். மற்றதெல்லாம் துணி மடிக்கும்போது பார்த்த வீடியோக்களில் ஒவ்வொன்றாகப் பிடித்துப்போனது. கொடிமலைக்குச் சரிவில் ஏறும் குட்டி ரயில், கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய சீனர் வீடுகள், பழைய தெருச் சுவர்களில் வரைந்த ஓவியங்கள். புளிப்பும் காரமுமாக ஒரு மீன் நூடுல்ஸ் குழம்பு, அதைச் சாப்பிட்ட கையோடு ஐஸைத் துருவிப்போட்ட செண்டோல் இனிப்பு. தெருவில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், யாருக்கும் பரிமாறக் கூடாது. நினைத்தாலே அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஜெயபிரகாஷ் தங்கமான மனுஷன். உடனே சரி என்றான், கடற்கரையோரம் நல்ல ஹோட்டலாகப் பார்த்து ரூம் போட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான். நம்மவர்களிடம் ஒரு ஊர்ப்பேரைச் சொன்னால் போதும், மழைக்கு முளைத்த காளான் மாதிரி அங்கே ஒரு சொந்தக்காரர் முளைத்துவிடுவார்.

"தனம், குட் நியூஸ்!" என்று சனிக்கிழமை சாயங்காலம் போனும் கையுமாக வந்தான். "பினாங்குல நம்ம ரஞ்சித்குமார் இருக்கானாம். ஹோட்டல கேன்சல் பண்ணிரலாம்."

"எந்த ரஞ்சித்குமாருங்க?"

"பெரியக்காவோட கொழுந்தனார் பையன். நம்ம கல்யாணத்துல ஐஸ்கிரீம் கவுண்டர்லயே நின்னுட்டிருந்தானே, சின்னப் பையன்."

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். முதல் நாள் ரஞ்சித் வீட்டில் விருந்து. மறுநாள் ரஞ்சித்தின் ஃப்ரெண்டு வீட்டில், அவரும் தாராபுரம் பக்கம்தானாம். அடுத்த நாள் தண்ணீர்மலை முருகன் கோயில், அப்புறம் ஷாப்பிங்.

"கொடிமலை எப்பங்க?"

"டைம் இருந்தா பாத்துக்கலாம்."

சோபாவில் படுத்திருந்த மகள் ரோஷினி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டாட், ஷி ஜஸ்ட் வாண்ட்ஸ் எ வெகேஷன்," என்றாள்.

"வெகேஷன்தானே கண்ணு இது?" என்றான் ஜெயபிரகாஷ். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

தனபாக்கியம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "ஏனுங்க, நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். ஹோட்டல கேன்சல் பண்ணாதீங்க."

"என்ன தனம் இது? வரலைன்னு எப்படிச் சொல்றது? பெரியக்கா என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன். நம்பரக் குடுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் அவன் கொடுத்தான். அவள் அங்கேயே ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. எடுத்தது ரஞ்சித்குமாரின் மனைவி வள்ளி. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அக்கா, சொன்னாங்கக்கா, பெரியம்மா மெசேஜ் போட்டிருந்தாங்க. வாங்க வாங்க. கோழி பண்ணட்டுமா, மட்டனா?"

முகம் தெரியாத ஒருத்தி இத்தனை வாஞ்சையாகக் கேட்கும்போது மனசு இளகத்தான் செய்யும். தனபாக்கியத்துக்கும் இளகியது. 'சரி, ஒரு வேளைச் சாப்பாடுதானே' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வேளை எங்கே போய் முடியும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வள்ளி, தப்பா நெனச்சுக்காத கண்ணு. நாங்க வீட்டுக்கு வரலை. தங்கவும் வரலை, சாப்பிடவும் வரலை. நான் ஊரச் சுத்திப் பாக்கத்தான் வர்றேன்."

ஜெயபிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். பெரியக்கா, மாமா, கோயம்புத்தூர் வீட்டு வாசலில் நடக்கப்போகும் பஞ்சாயத்து எல்லாம் அவன் முகத்தில் ஓடின.

"நெஜமாவா அக்கா?" என்றாள் வள்ளி. கோபமாகத் தெரியவில்லை.

"நெஜமாத்தான்."

"கொடிமலைக்குப் போறீங்களா?"

"போறேன். அந்த ரயில்ல ஏறாம வரமாட்டேன்."

வள்ளியின் குரல் தாழ்ந்தது. "இங்க வந்து ஏழெட்டு வருஷமாச்சுக்கா. நான் இன்னும் அந்த மலைக்குப் போனதில்ல. லீவு விட்டா ஊர்லருந்து யாராவது வந்துடறாங்க. காலைல டிபன் சாப்ட்டுட்டு அவங்க கார் ஏறிப் போவாங்க, நான் மதியச் சமையலுக்கு ஆரம்பிப்பேன். சாயந்தரம் வந்து போட்டோ காட்டுவாங்க. நல்லா இருக்குன்னு சொல்லுவேன்."

பிரிட்ஜ்வாட்டரில், குபெர்டினோவில் தனபாக்கியம் போய் இறங்கிய வீடுகளில் எல்லாம் அடுப்படியில் நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அக்கா," என்றாள் வள்ளி. "நானும் உங்ககூட வரட்டுமா?"

சொந்தக்காரர் வேண்டாம் என்றுதான் அந்த ஊரையே தேடிப் பிடித்தாள். ஆனாலும் யோசிக்கவே இல்லை.

"வா. முதல் ரயிலுக்கே போயிரலாம். ஒண்ணு மட்டும், வள்ளி. கட்டுச்சோறு கிட்டுச்சோறுன்னு எதையும் தூக்கிட்டு வரக் கூடாது. வெறுங்கையோட வரணும்."

வள்ளி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, சரி என்றாள். போனை வைத்ததும் ஜெயபிரகாஷ் மெல்லத் தலையைத் தூக்கினான். "அப்ப நான் மட்டும் ரஞ்சித் வீட்டுக்கு மதியம் சாப்பிடப் போய்ட்டு வந்துரட்டுமா? மரியாதைக்கு?"

"போங்க," என்றாள் தனபாக்கியம். "வீடு பூட்டியிருக்கும்."