அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி

அந்த லாண்டரிக் கடையில் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, துணி போட வருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்கு ஆட்கள் மூன்றே பேர். தம்பிக்காரன் பின்பக்கம் மெஷினில் துவைப்பான். அண்ணன்காரர் முன்பக்கம் இஸ்திரி போடுவார். அண்ணி நடுவில் நின்று துணி மடிப்பாள், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வாள். அதெல்லாம் சும்மா மேலுக்கு. அவளுடைய நிஜமான உத்தியோகம் அண்ணன் சொன்னதைத் தம்பியிடமும் தம்பி சொன்னதை அண்ணனிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

எல்லாம் ஒரு கம்பளிக் கோட்டால் வந்த வினை. தம்பி அதை வெந்நீரில் போட்டுவிட்டான், அது சுருங்கிக் குழந்தைச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. கோட்டுக்காரர் எதிரிலேயே அண்ணன் "தண்டச்சோறு" என்று ஒரு வார்த்தை விட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அன்றைக்கு மூடின வாய்தான் இரண்டு பேருக்கும்.

இதில் கூத்து என்னவென்றால், கடையே ஒரு தீப்பெட்டி. இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் கேட்கும். ஆனாலும் ஒருத்தர் பேசியது இன்னொருத்தர் காதில் விழுந்ததாகக் கணக்கே இல்லை, அண்ணி திருப்பிச் சொல்கிறவரைக்கும். சோப்புத்தூள் தீர்ந்துபோச்சு, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குன்னு கேளுங்க என்பான் தம்பி. சோப்புத்தூள் தீரப்போகுதாம், முடிஞ்சா வாங்கித் தரச் சொல்றார் என்று அண்ணி சொல்வாள். துரைக்குக் கை கால் இல்லையாமா என்பார் அண்ணன். சாயங்காலம் வாங்கிடலாமாம் தம்பி என்பாள் அண்ணி. சாயங்காலம் சோப்புத்தூள் வந்து இறங்கிவிடும். இரண்டு பேரும் அவள் சொன்னதற்குத்தான் கட்டுப்பட்டார்கள், தங்கள் வாய்க்குக் கட்டுப்படவில்லை. ஆம்பளைங்க பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

இந்த அண்ணிதான் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கடைக்குத் துணி போடும் நர்ஸ் ஒருத்தி, தங்கள் ஆஸ்பத்திரியில் விசாரணை மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். போனில் வருகிற செய்தியைக் கேட்டு டாக்டர்களிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆயுசில் அவள் உட்கார்ந்து பார்க்கிற வேலை பார்த்ததில்லை. ஒரு நாற்காலி, ஒரு போன், தனக்கென்று ஒரு மேசை. ஆசை இருக்காதா பின்னே? ஆனால் அந்த வேலைக்கு வைக்கிற பரீட்சைக்கு வகுப்பு டீச்சர் பெயர் கொடுத்தால்தான் போக முடியும்.

ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேல்மாடியில் வகுப்பு. அன்றைக்குப் பாடம், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது என்பது. டீச்சர் போர்டில் எழுதி விளக்கினார். அவர் 'நான்' என்று சொல்லியிருந்தால் நீங்கள் 'அவர்' என்று சொல்ல வேண்டும். 'இங்கே' என்றால் 'அங்கே'. 'நாளை' என்றால் 'மறுநாள்'. காலமும் ஒரு படி பின்னால் போகும், 'வில்' என்பது 'வுட்' ஆகிவிடும். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கரும்பு தின்னக் கூலியா, இதைத்தானே விடிந்தால் அடைந்தால் செய்கிறோம் என்று நினைத்தாள்.

பயிற்சி கொடுத்தார்கள். 'நான் நாளைக்கு வரமாட்டேன்' என்றான் ஒருவன், இதை மாற்றி எழுதுங்கள். மறுநாள் வர முயற்சி செய்வதாக அவன் சொன்னான் என்று அண்ணி அழகான இங்கிலீஷில் எழுதினாள். 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்றார் முதலாளி. இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கும்படி முதலாளி கேட்டுக்கொண்டார் என்று எழுதினாள். டீச்சர் அதை வாங்கிப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்லம்மா. ஆனா அவன் அப்படிச் சொல்லலையே?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. நெஞ்சு வலிக்குதுன்னு ஒருத்தர் போன் பண்ணினால், கொஞ்சம் அசதியா இருக்காம் என்று டாக்டரிடம் சொல்வீர்களா என்று கேட்டார். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், சொன்னதைச் சொல்லப் பழகுங்கள், அதுவரைக்கும் பெயர் கொடுக்க மாட்டேன் என்று முடித்துவிட்டார். அண்ணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இனிமேல் யார் எதைச் சொன்னாலும் அச்சு பிசகாமல் சொல்வது என்று படியிறங்கும்போதே சபதம் எடுத்துக்கொண்டாள்.

சபதத்துக்குச் சோதனை மறுநாள் காலையிலேயே வந்தது. தம்பி மெஷினை நிறுத்திவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி. எனக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து நான் இங்க வரமாட்டேன்."

இவன் போனால் மெஷினுக்கு யார் நிற்பது? அவள்தான். அப்புறம் ஏது வகுப்பு, ஏது நாற்காலி? அதுகூடப் போகட்டும். அவள் கல்யாணமாகி வந்தபோது பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பையன் இவன். பெறாத பிள்ளை. அவன் போவதை நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது.

தம்பிக்கு ஒரு வாரம் லீவு வேணுமாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டீச்சரை நினைத்துக்கொண்டாள். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம், திங்கட்கிழமையிலிருந்து வரமாட்டாராம் என்று புருஷனிடம் அப்படியே ஒப்பித்தாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே தேய்த்து முடித்த காலரையே திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தார். போகச் சொல்லு, இங்க யாரும் யாரையும் கட்டிப்போடல என்றார். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துபோயிற்று.

அண்ணி தம்பி பக்கம் திரும்பினாள். போகச் சொல்றார். சின்ன வாக்கியம்தான். சொன்னால் டீச்சர் முழு மார்க்கு போடுவார். அவளுக்கு வாய் வரவில்லை. உடைந்த குரலை எந்த இலக்கணத்தில் மாற்றி எழுதுவது?

"போக வேண்டாம்னு சொல்றார் தம்பி. அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புதான்னு சொல்றார்."

இத்தனை காலத்தில் அவள் சொன்னதைத் தம்பி மறுத்ததே கிடையாது. அன்றைக்கு மறுத்தான்.

"அண்ணன் அப்படிச் சொல்லலையே அண்ணி. எனக்கும் காது இருக்குல்ல?"

நேற்று டீச்சர் கேட்ட அதே கேள்வி. கையும் களவுமாகப் பிடிபட்டவளாக, மடித்த துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியில் நிறுத்தி வைத்தார். கோட்டுச் சண்டைக்கு அப்புறம் முதல் தடவையாக, அவளைத் தாண்டி நேராகத் தம்பியைப் பார்த்தார்.

"அவ சரியாத்தான்டா சொல்றா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு மெஷின் பக்கம் போனான். பிறகு மெஷின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"சோப்புத்தூள் தீந்துபோச்சுண்ணே," என்றான்.

நேத்துத்தானேடா வாங்கிப் போட்டேன், தின்னுறியா என்றார் அண்ணன். நேத்து வாங்கினது ஒரு பொட்டலம், அது எந்த மூலைக்கு என்றான் அவன். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.