கிளிக் செய்தால் பேச வேண்டும்

டொமினிக்குக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்த பிறகு, எங்கள் வீட்டுச் சண்டைகளில் எல்லாம் நான்தான் ஜெயித்தேன். கல்யாணமான நாள் முதல் காக்ஸ் டவுனுக்கே கேட்கும்படி என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷன், இப்போது கையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்படி ஜெயிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. திருப்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று ஏங்கிப்போனேன்.

தேவைப்படும் வார்த்தைகளை அவர் குரலிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார். டொமினிக் கதவைச் சாத்திக்கொண்டு தன் போனில் பேசினார். அதில் சார்ஜ் போனால் என் போனைப் பிடுங்கிக்கொண்டு பேசினார். மாடி வீட்டு மமதா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற கன்னடப் பெண், எல்லாவற்றையும் எங்கள் பழைய லேப்டாப்பில் ஏற்றினாள். அது தாங்கும்படி விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற லேசான சிஸ்டம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். ‘தண்ணி’, ‘வலிக்குது’ என்று பெயர் வைத்த கோப்பைக் கிளிக் செய்தால் டொமினிக் பேச வேண்டும். அதுதான் ஏற்பாடு.

பேசவில்லை. எதைக் கிளிக் செய்தாலும், ஒலியை வெட்டி ஒட்டுகிற மென்பொருள் ஒன்று மெதுவாக எழுந்து வந்து நீல நீலமாகக் கோடு காட்டிவிட்டு நிற்கும். நான் வலது கிளிக் செய்து, பாட்டுக் கேட்கிற பிளேயரைத் தேர்ந்தெடுத்துத் திறப்பேன். அதற்குள் தண்ணீரையே கொடுத்து முடித்திருக்கலாம். அடுத்த முறை மறுபடியும் நீலக் கோடு. ஒருநாள் டொமினிக் லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். பேசுவதையே விட்டுவிடுவாரோ என்று பயந்துபோய் மமதாவைக் கூப்பிட்டேன்.

நான் செய்வதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். “இந்த ஒரு வாட்டிக்கு மட்டும் இதுல தொறன்னு சொல்றீங்க ஆன்ட்டி. எப்பவும் இதுலயே தொறன்னு கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல டிக் போடணும்.”

அந்தக் கட்டத்தை நான் பார்க்காமல் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்ட பாரத்தில், காட்டிய கட்டத்திலெல்லாம் டிக் போட்டுத்தான் அவர் குரலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் எனக்குக் கை வராது. மமதா போட்டாள். ‘தண்ணி’ உடனே பேசியது. அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, சில கோப்புகளில் இன்னும் அதே நீலக் கோடு. என் போனில் பதிவானவை. பெயர்கூட இல்லை, வெறும் எண்கள். போன் செய்தேன். அவை வேறு வகைக் கோப்புகள், அந்த வகைக்கும் தனியாக டிக் போட வேண்டும், நீங்களே போடுங்கள் என்றாள். மாதாவை வேண்டிக்கொண்டு போட்டேன். போட்ட தைரியத்தில், இந்த வீட்டில் எனக்கு இருக்கிற துப்பு வேறு யாருக்கும் கிடையாது, எல்லாம் என் தலையில்தான் விடிகிறது என்று டொமினிக்கிடம் ஆரம்பித்தேன்.

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, எண் போட்ட கோப்பு ஒன்றைத் தேடிக் கிளிக் செய்தார்.

“போதும் மௌரீன், கொஞ்சம் வாய மூடு.”

அதே கட்டைக் குரல். அதே எரிச்சல். இனிமேல் பேச முடியாது என்று தெரிந்ததும், எனக்குப் பதில் சொல்ல இதையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் மனுஷன் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார். நான் அழுதேன். மமதா நல்லா இருக்கட்டும், அந்த நர்ஸ் நல்லா இருக்கட்டும், மாதாவே உனக்கு நன்றி என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டொமினிக் மறுபடியும் அதையே கிளிக் செய்தார்.