பதின்மூன்றாவது மல்லன்

பொன்ராஜ் கோடாலியை ஓங்கியதும் வாசலில் நின்ற கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. முதல் வெட்டு வாசல் நிலையின் இடது காலில் விழுந்தது. தேக்குச் சில்லு தெறித்து வெற்றிலைத் தட்டில் போய் விழுந்தது.

"அத்தான்! நிலையில கோடாலி வைக்கலாமா? புத்தி பேதலிச்சுப் போச்சா?" மைத்துனர் பால்ச்சாமி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"விடு மாப்ளே."

"பின்னால குடோன்ல லோடு இறக்குற ரெட்டைக் கதவு இருக்கு. அது வழியா எடுத்தா அஞ்சு நிமிசம்."

"என் மகன் முன்வாசல் வழியாத்தான் போவான்."

"எப்படிப் போவான்? வாசல் ரெண்டரை அடி. ரெண்டு பக்கமும் நாலு நாலு பேர் பிடிச்சாத்தான் அவனைத் தூக்கலாம். பொழுது சாயப் போகுது அத்தான்!"

பதிலாக இரண்டாவது வெட்டு விழுந்தது.

உள்ளே, சேர்த்துப் போட்ட இரண்டு பெஞ்சுகளின் மேல் முனீஸ்வரன் கிடந்தான். வயது இருபத்தெட்டு. அப்பாவின் புண்ணாக்குக் கடைத் தராசில் நூற்று நாற்பத்திரண்டு கிலோ. அருப்புக்கோட்டை சேலைக்காரர்களுக்கு லேபிள் வரைகிறவன். காலையில் கையில் தூரிகை இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பந்தல்குடிக்கு டாக்டர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

"பன்னெண்டு பேரையும் யாருய்யா பார்த்துக்கிறது? என்னைய நம்பியா விட்டுட்டுப் போற?" தலைமாட்டில் அவன் அம்மா கனகலட்சுமி.

பன்னிரண்டு பேர் என்பது ஒரு காலண்டர். மை விற்கிற ஜப்பான் கம்பெனி போட்டது. போன வருடம், தொண்ணூறில், பிரஸ்காரர் ஒருவர் அவனுக்குக் கொடுத்தார். மாதத்துக்கு ஒரு சுமோ மல்லன். அந்தக் காலத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்களாம். உச்சிக்குடுமி, மூட்டை அடுக்கியது போலத் தொந்தி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சரிகைத் துணி. ஒருவன் முகத்திலும் கூச்சம் இல்லை. முனீஸ்வரன் பன்னிரண்டையும் பிரித்துக் குடோன் சுவரில் ஒட்டினான். ஜப்பான் சாமி என்று நினைத்த கனகலட்சுமி, மறுநாளே பன்னிரண்டு நெற்றியிலும் குங்குமம் வைத்துவிட்டாள்.

"சாமி இல்லம்மா. மல்லுக்கட்டுறவுக."

"மல்லுக்கட்டுறவனுக்கு எதுக்குய்யா இம்புட்டுச் சரிகை?"

"அங்க இவுகளைப் படமாப் போட்டு வீட்டுல மாட்டுவாகளாம். பூசணிக்கான்னு ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

"நீயும் பேசாம அங்கயே பெறந்திருக்கலாம்."

"பெறந்திருந்தா நீ வச்ச குங்குமத்தை யாரு தொடைக்கிறது?" என்று சிரித்தான். ஆனால் துடைக்கவில்லை.

குடோனில் மகன் படுத்துப் புழங்கிய அந்த மூலைப்பக்கம் பொன்ராஜ் போவதே கிடையாது. இன்று மத்தியானம்தான், அவனுக்கு உடுத்த வேட்டி எடுக்கப் போனார். பெட்டியில் வேட்டிக்கு அடியில் பதின்மூன்றாவது படம் இருந்தது.

பழைய பெட்டிப் பலகையில் செதுக்கி, லேபிள் மையைத் தடவி அவனே ஒற்றியெடுத்தது. குடுமி, தொந்தி, சரிகை எல்லாம் அதே மாதிரி. முகம் மட்டும் முனீஸ்வரன். அவனுக்குப் பின்னால் இந்த வீட்டின் முன்வாசல். நிலையில் இருக்கும் தாமரைப்பூ வரை பிசகில்லை. மல்லன் ஒரு காலைத் தெருவில் ஊன்றி நின்றான். வாசலுக்கு மேலே எழுதியிருந்த பெயர்தான் இடவலம் மாறி விழுந்திருந்தது. எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதை மறந்திருக்கிறான். அது தன்னுடைய பெயர் என்று எழுத்துக்கூட்டிப் படிக்க பொன்ராஜுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

படித்ததும் நேராக வந்து கோடாலியை எடுத்தார்.

மகள் தங்கச்செல்வி தலைவிரிகோலமாக வாசலுக்கு வந்தாள். "அப்பா, வேணாம்ப்பா. அண்ணனுக்கு அந்த குடோன் கதவுதான் பிடிக்கும். ஏன் முன்வாசல் பக்கமே வர மாட்டேங்குறேன்னு நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். 'இதுதான் எனக்குத் தோது தாயி'ன்னு சிரிக்கும்."

பொன்ராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓங்கினார். இந்த முறை கோடாலி மரத்தில் படாமல் சுவரில் பட்டு வழுக்கியது.

 பால்ச்சாமி துண்டை உதறித் தலையில் கட்டினார். "தள்ளுங்க அத்தான். குறி தவறுது உங்களுக்கு. ஏலே, யாருலே அங்க? கடப்பாரையை எடு!"

அரைமணி நேரத்தில் நிலை பெயர்ந்து, செங்கலும் காரையுமாகச் சரிந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் ஓர் ஆள் அகலத்துக்கு இடித்தார்கள். எட்டுப் பேர் குனிந்து பிடித்தார்கள். முனீஸ்வரன் எங்கும் இடிபடாமல், நெற்றியில் புழுதிகூட விழாமல் தெருவுக்கு வந்தான்.

பாடையில் கிடத்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பால்ச்சாமி மெல்ல அருகில் வந்தார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. எதுக்கு அத்தான் இது?"

"செல்வியைப் பொண்ணு பார்க்க வந்தாகல்ல..."

"அது ஆச்சே ஏழு வருசம்."

"அன்னைக்கு இவன் காராச்சேவுத் தட்டைத் தூக்கிட்டு ஆசையா கூடத்துக்கு வந்தான். குறுக்க மறிச்சேன். 'குடோனுக்குள்ள கெட. அவுக போற வரைக்கும் முன்வாசப் பக்கம் தலையக் காட்டாத'ன்னேன். தட்டை என் கையில குடுத்துட்டுப் போயிட்டான்."

 கயிற்றின் கடைசி முடிச்சும் விழுந்தது. தூக்குகிறவர்கள் பொன்ராஜைப் பார்த்தார்கள்.

"அவுக அன்னைக்கே போயிட்டாக," என்றார் பொன்ராஜ். "வெளிய வாடான்னு நான் சொல்லவே இல்ல மாப்ளே."