செல்ஃப் மோட்டார் இல்லாத கார்

அந்தக் காரை நான் பேரம் பேசியே கெடுத்தேன்.

விற்றவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் சொன்ன விலைக்குப் பாதி கேட்டேன். "ஸ்டெப்னியை எடுத்துக்கறேன், அதுக்குக் குறைச்சுக்கோ" என்றார். சரி என்றேன். ரேடியோவும் போயிற்று. இன்னும் இழுத்தேன். "அப்போ செல்ஃப் மோட்டாரையும் கழட்டிக்கறேன்" என்றார் எரிச்சலோடு. பட்டன், ஜிப், நூல்கண்டு மொத்த வியாபாரம் செய்யும் வீட்டில் பிறந்தவன் நான். விலை இறங்கினால் வேறெதுவும் காதில் விழாது. பணத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் போய்ச் சாவியைத் திருகினேன். வண்டி வாயே திறக்கவில்லை.

"தள்ளினா ஓடும் தம்பி" என்றார் வாத்தியார்.

அப்பா ஒரு மாதம் கெடு வைத்தார். சொந்தமாகப் பத்து வாடிக்கை பிடித்தால் காரும் நானும் ஊர் சுற்றலாம். இல்லையென்றால் கடையில் அண்ணனுக்குக் கீழே வேலை. அண்ணன் எனக்கொரு ஸ்டூலைத் துடைத்தே வைத்துவிட்டான்.

தள்ள ஆள் இல்லாதவனுக்குச் சரிவுதான் கதி. பிரேக்கை விட்டால் உருளும், கியரைப் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதனால் மேட்டுத் தெருக்களில் மட்டுமே வியாபாரம் செய்தேன். கடைவீதிப் பெரிய கைகள் யாரும் அங்கே ஏறியதில்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

"ஒரு டஜன் பட்டனுக்குக் கடைவீதிக்கு இறங்கி ஏறினா அரை நாள் போச்சு" என்றார் அங்கே ஒரு தையல்கார அக்கா. "நீ வாராவாரம் வருவியா? வண்டியப் பார்த்தா நம்பிக்கை வரலையே."

"ஏறியே வந்துட்டேன் அக்கா. இறங்கறதுக்கு பூமி கியாரண்டி."

சிரித்தார். பக்கத்துக் கடைகளுக்கும் சொன்னார். நாலாவது வாரம் ஒன்பது கடை சேர்ந்தது. பத்தாவது கடைக்காரர் கறார்: "பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கணும். புதன்கிழமை பத்து மணிக்குள்ள பட்டனோட வந்தா இனிமே உன்கிட்டயே வாங்கறேன். இல்லாட்டி இந்தப் பக்கம் தலைகாட்டாதே."

புதன் ஒன்பதரை. எங்கள் கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடியே சரக்கை ஏற்றினேன். கடைசிப் பெட்டியை வைக்கும்போது அது தானே அணைந்தது. சமதரை. கெடுவின் கடைசி நாள் வேறு.

அண்ணன் ஸ்டூலை வாசலுக்கே கொண்டுவந்து போட்டான். "உட்காரு, கால் வலிக்கும்."

அப்பா எட்டிப் பார்த்தார். "எங்கேடா போகணும்?"

"பத்தாவது கடைக்குப்பா."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்து தள்ளினார். அண்ணனும் வேறு வழியின்றிச் சேர்ந்துகொண்டான்.

"செல்ஃப் மோட்டாரை ஏன்டா விட்டே, மடையா?" அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"விலை குறைஞ்சுதேப்பா."

"எவ்வளவுக்கு முடிச்சே?"

சொன்னேன். தள்ளுவதையே நிறுத்திவிட்டார்.

"அடப்பாவி! கணக்கு வாத்தியாரையே உரிச்சுட்டியே!"

அவ்வளவு சந்தோஷமாக அவர் என்னைத் திட்டியதே இல்லை. அதே உற்சாகத்தில் ஒரு தள்ளு. கியரைப் போட்டேன். வண்டி இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது.

"எங்கேயும் நிறுத்திடாதே!"

கண்ணாடியில் பார்த்தேன். எனக்காகப் போட்ட ஸ்டூலில் அப்பா உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேட்டில் பத்தாவது கடைக்காரர் வாசலில் நின்று என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு" என்றார். "உள்ளே வா, விலையைப் பேசுவோம்."

வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்திவிட்டு, அவசரமே இல்லாதவன் போல இறங்கினேன்.