ஒரே கதவை இரண்டு முறை தட்டியவன்

அலுவலகத்தில் அவளைப் பூட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நாடித்துடிப்பு காட்டும் கருவிக்குள் ஓடுகிற கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில், எந்த வேலை எப்போது உள்ளே போகலாம் என்று காவல் காக்கும் பூட்டுகள் எல்லாம் அவள் கைவண்ணம். அதே மாடியில், அதே கெர்னலில், பதிவுகளைச் சேமிக்கிற பகுதி அவள் கணவனுடையது. வீட்டில் வாடா போடாதான். அலுவலகப் படி ஏறியதும் இரண்டு பேரும் வாங்க, போங்க என்று மரியாதையைக் கொட்டுவார்கள். பக்கத்து மேசைக்காரர்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

கருவியில் என்னென்ன உணரிகள், அதாவது சென்சார்கள், மாட்டியிருக்கின்றன என்று சொல்லும் அட்டவணை ஒன்று கெர்னலுக்குள் உண்டு. அதை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒன்றாக உள்ளே போய்ப் படிக்கலாம். பேர் என்றால் மனிதர்கள் இல்லை, உள்ளே ஓடுகிற வேலைகள். அதில் புதிதாக எழுத வருகிறவருக்கு மட்டும் அறை காலியாக இருக்க வேண்டும். பழைய பூட்டில் படிக்கிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் நுழைந்துகொண்டே இருந்ததால், எழுத வந்தவர் வாசலிலேயே தவம் கிடந்தார். நர்ஸ் புது உணரியை மாட்டிவிட்டு, திரையில் ஏன் வரவில்லை என்று திருதிருவென விழித்தார்.

அவள் எழுதிய புதுப் பூட்டில் அந்தக் கதை நடக்காது. எழுத ஒருவர் வந்து நின்றுவிட்டால், அதற்குமேல் படிக்க வருகிறவர் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வருகிறவர் யார், எவர் என்று அது கேட்காது. உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் அத்தனை வேகம். பெற்ற பிள்ளையைப் போல அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள் அவள்.

அந்தப் பிள்ளையைப் போட்டுச் சோதித்த முதல் நாளே கருவி கல்லாய்ச் சமைந்துவிட்டது.

குழுத் தலைவிக்குக் கத்தரி என்று பெயர். வேண்டாத வரி ஒன்றைக்கூட வெட்டாமல் விட மாட்டார். "சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லும்மா. இல்லன்னா உன் பூட்டை எடுத்துட்டுப் பழசையே போட்டுடுவேன்" என்றார்.

உறைந்த கருவிக்குள் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மதியச் சாப்பாடு ஆறிப்போன நேரத்தில் பிடிபட்டது. படிப்பதற்காக ஏற்கெனவே உள்ளே போன ஒருவர், நடுவில் மறந்துபோய், அதே கதவில் மறுபடி அனுமதி கேட்டிருந்தார். அதற்குள் எழுதுகிறவர் வரிசைக்கு வந்துவிட்டார். உள்ளே இருப்பவர் கிளம்பினால்தான் எழுதுகிறவருக்கு வழி. எழுதுகிறவர் முடித்தால்தான் உள்ளே இருப்பவருக்கு இரண்டாவது அனுமதி. ஆயுசுக்கும் நிற்க வேண்டியதுதான். பழைய பூட்டு இந்தக் கூத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது.

அப்படிக் கேட்ட பகுதி அவள் கணவன் எழுதியது.

போன மாதம்தான் அவன் ஒரு பிழைக்காகத் திட்டு வாங்கியிருந்தான். இன்னொரு தடவை இப்படி ஆனால் கெர்னல் பக்கமே விடமாட்டேன் என்று கத்தரி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அவனுக்கோ கெர்னல் என்றால் உயிர்.

யாரிடமும் சொல்லாமல் தன் பூட்டில் கை வைத்தாள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மறுபடி கேட்டால் விட்டுவிடு என்று சேர்த்தாள். அதற்காகப் பூட்டு இனிமேல் ஒவ்வொருவர் முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் பாதியாக விழுந்தது. 'கூடுதல் பாதுகாப்பு' என்று குறிப்பு எழுதிப் பூசி மெழுகினாள். விதிப்படி, சேமிப்புப் பகுதியின் ஒப்புதல் வேண்டும். அவனுக்கே அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"இது எதுக்குங்க?"

"பாதுகாப்புக்குங்க."

"யாரோட பாதுகாப்புக்கு?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் எழுதின ப்ரோகிராம் ரெண்டு தடவை பூட்டைக் கேக்குது. பாத்துட்டேன்."

"பேசாம ஒப்புதல் போடுடா."

"உன் பூட்டுல ஒரு தப்பும் இல்ல. என் அசட்டுத்தனத்துக்காக அதை நொண்டியாக்குவியா?"

"உன்னைத் தூக்கிடுவாங்கடா."

"தூக்கட்டும். இதுக்கு ஒப்புதல் போட்டா அப்புறம் தினமும் உன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவளுடைய மாற்றத்துக்கு ஒப்புதல் மறுத்துவிட்டு, அவன் நேராகக் கத்தரியின் அறைக்குப் போனான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கத்தரி கத்தவில்லை. "நீங்களே வந்து சொன்னது எனக்குச் சந்தோஷம். ஆனா சொன்னது சொன்னதுதான். இதைச் சரிபண்ணிட்டு, அடுத்த வாரம் டெஸ்டிங்குக்குப் போயிடுங்க" என்றார். வெளியே வந்தவன் அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. அவள் மாடிப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள். அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவனைவிட நல்லவன் உலகத்தில் இல்லை என்றும் தோன்றியது.

அவன் திருத்தி அனுப்பியது அவள் ஒப்புதலுக்கு வந்தது. இரண்டாவது முறை கேட்பதை நீக்கியிருந்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் சேமிக்கும் டிஸ்க் நிரம்பி, வேலை பாதியில் பிழையோடு திரும்பும்போது, பூட்டைத் திறக்காமலே வெளியேறும்படி விட்டிருந்தான். ஆள் போன பிறகும் உள்ளே இருப்பதாகவே பூட்டு எண்ணிக்கொண்டிருக்கும். நொந்துபோய் உட்கார்ந்திருப்பவனை இன்னும் நோகடிக்க வேண்டுமா? அவளே சத்தமில்லாமல் சேர்த்துவிட எத்தனை நேரமாகும்? விரல் விசைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

'ஏற்க முடியாது. பிழையோடு திரும்பும்போது பூட்டைத் திறக்கவில்லை. சரிசெய்து அனுப்புங்கள்' என்று எழுதினாள்.

அந்தக் கோடியில் அவன் படித்தான். மேசையில் தலையைச் சாய்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"கடைசி வேலையிலயும் விடமாட்டியா?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கேட்டான்.

"மாட்டேன்டா!" என்றாள் அவள், அதே சத்தத்தில். பக்கத்து மேசைகள் வாயைப் பிளந்தன.

மறுபடி வந்ததில் குறை ஒன்றும் இல்லை. குறை ஏதாவது கிடைக்காதா, இன்னும் ஒரு தடவை திருப்பி அனுப்பலாமே என்று வரி வரியாகத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கெர்னலில் சேரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடியில் எழுதியவர் பெயரும், அதற்குக் கீழே ஒப்புதல் தந்தவர் பெயரும் இருக்கும். அவன் பெயர் அதில் கடைசி முறையாக ஏறியது. அதை ஒட்டி, கீழே அவள் பெயர்.