ராகே தட்டு நீட்டிய ஆள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மொகதிஷு துறையில் மீன் வாங்கப் போன இடத்தில் ஓசியில் கிடைத்தது. சிரித்த சிரிப்பில் மீனை மறந்துவிட்டு வந்து, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். (மீன் கதைக்குத் தேவையில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

முதல் வரி: பொன்னிறக் கடலில் பாய்மரம் ஒன்று...

வேண்டாம். கப்பல் வந்தால் எங்கள் ஊரில் யார் கடலின் நிறத்தைப் பார்க்கிறார்கள்? மூடிய சோற்றுத் தட்டோடு ஆளாளுக்குத் தோணியில் பாய்வார்கள். கப்பலில் வந்த வணிகரிடம் தட்டை நீட்டி, "இவர் என் விருந்தாளி" என்று முந்திக்கொண்டவன் வீட்டில்தான் அவர் தங்குவார். சரக்கும் அவன் மூலமாகத்தான் விற்கும். சொன்னால் சொன்னதுதான்.

ராகே ஒரு தடவைகூட முந்தியதில்லை. அவன் உயிரையே வைத்திருந்தது ஏப்லா மேல்; அவள் அப்பாவோ கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தக் கப்பல்லயாவது ஒரு விருந்தாளியோட வா. இல்லேன்னா என் பொண்ண மறந்துடு."

3

முந்திவிட்டான்! (எப்படி என்று கேட்காதீர்கள். எழுதி எழுதிக் கிழித்தாயிற்று.) பட்டு மேலாடை போட்ட தொப்பைக்காரர் மடியில் தட்டை வைத்துத் தொண்டை கிழியக் கத்தினான்: "இவர் என் விருந்தாளி!"

தொப்பைக்காரர் மூடியைத் திறந்தார். நெய்ச்சோறு, பாலில் வெந்த வாழைக்காய். ஒரு வாய் போட்டார்.

"உப்பு கம்மி, தம்பி."

"உங்க சரக்கு என்னங்க ஐயா?"

"சரக்கா? ஒரு கரண்டி இருக்கு. நான் கப்பல் சமையக்காரன்ப்பா. முதலாளி பட்டு நனைஞ்சுபோச்சு, மேல போட்டுக் காயவைக்கிறேன்."

பக்கத்துத் தோணியில் போட்டிக்கு வந்திருந்த வர்ஸமே விழுந்து விழுந்து சிரித்ததில் அவன் தட்டு கடலுக்குள் போனது.

4

முடிவு ஒன்று: ராகே அழுதுகொண்டே...

சே, பாவம்.

முடிவு இரண்டு: "அவன் சமைக்காம எனக்குச் சோறு எறங்காது!" என்று முதலாளியும் ராகேயின் தோணியில் குதிக்கிறார். (எனக்கு ஆசைதான். ஆனால் ஏப்லாவின் அப்பா, "அவரு விருந்தாளியோட விருந்தாளி, சேராது" என்பார். எனக்குத் தெரியாத ஆளா?)

5

இதுவரை நடந்தது மட்டும் சொல்கிறேன். ராகே சமையக்காரரோடு கரையேறுவதற்குள் செய்தி முந்திவிட்டது. கரையில் ஏப்லா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உப்பு கம்மின்னது யாரு? சமைச்சது நான்!" என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "விருந்தாளின்னுதானே கேட்டீங்க? வியாபாரின்னு சொன்னீங்களா?"

அவர் வாயைத் திறந்தார்.

அங்கேயே என் எழுதுகோல் நின்றுவிட்டது. நீங்களோ என் கதைத் தட்டின் மூடியைத் திறந்து, கடைசி வாய் வரை வந்துவிட்டீர்கள். ஊருக்கே கேட்கக் கத்துகிறேன்: இவர் என் விருந்தாளி! இனி வேறு வீட்டுக்குப் போக முடியாது. ஏப்லாவின் அப்பா என்ன சொன்னார், நீங்களே சொல்லுங்கள். பார்த்துச் சொல்லுங்கள், ராகே பாவம்.

சொன்னால் சொன்னதுதான்.